தூக்கம் எப்படி இருக்கிறது என்று யார் கேட்பார்?



நம் கிராமங்களில் ஒரு வியாதியை முதலில் காண்கிறவர் பெரும்பாலும் ஒரு பெண். தோளில் பை, கையில் பி.பி. பார்க்கும் கருவி, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் சிறு பெட்டி. இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். ஊர் மக்கள் அவரை 'நர்சம்மா' என்பார்கள். அவர் கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம். சில மாதப் பயிற்சி பெற்ற தன்னார்வலராக இருக்கலாம். மிஷன் ஆஸ்பத்திரி அனுப்பிய ஊழியராகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின், இப்படி வீடு தேடிப் போய்ப் பரிசோதிக்கும் வேலை இன்னும் பரவலாயிற்று.

அவர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரியும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? உப்பைக் குறைத்தீர்களா? காலில் புண் இருக்கிறதா? எல்லாம் அவசியமான கேள்விகள். ஆனால் ஒரு கேள்வி அநேகமாக விட்டுப்போகிறது: "ராத்திரி தூக்கம் எப்படி?" அந்தக் கேள்வியைக் கேட்டால் என்னென்ன வெளிவரும், கேட்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இம்மடலில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வார்டில் ராக்காலங்களில் நோயாளிகளின் அருகே உட்கார்ந்து பேசுகிற ஒரு போதகனுக்கு, இது தூரமான காரியம் அல்ல.

டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுக்காத பாடம்

நம் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், பாட்டி சொன்னதும், தங்கள் உடலில் அறிந்ததும்தான் பெரும்பங்கு. குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று பொருள். வயதானால் தூக்கம் போய்விடும், அதற்கு வழியில்லை. கால் குடைந்தால் நரம்புத் தளர்ச்சி. இராத்திரி நெஞ்சின்மேல் ஏதோ ஏறி அமுக்கினால் அது பேய். இந்த நான்கும் தவறானவை அல்லது பாதி உண்மையானவை.

இதற்காக அவர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. 12 நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளை விசாரித்து 2011ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, டாக்டராகப் படிக்கிறவருக்குத் தூக்கத்தைப் பற்றி நடத்தப்பட்ட பாடம் முழுப் படிப்புக்கும் சேர்த்துச் சராசரியாக இரண்டரை மணி நேரம்கூட இல்லை. மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தூக்கத்தில் கழிக்கிறான். அதைப் பற்றிப் படித்தது இரண்டரை மணி நேரம்! டாக்டருக்கே இப்படியென்றால், அவரிடம் பயிற்சி பெறும் பணியாளருக்கு எங்கிருந்து வரும்?

தூக்க ஆராய்ச்சியும் வயதில் சிறியதே. தூங்கும்போது மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசைகிற ஒரு கட்டம் உண்டு, பெரும்பாலான கனவுகள் அப்போது வருகின்றன என்பதைச் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் வெளியிட்டது 1953ஆம் ஆண்டில்தான். அதற்குமுன், தூக்கம் என்றால் விளக்கை அணைத்ததுபோல மூளை ஓய்ந்துவிடுகிறது என்றே எண்ணியிருந்தார்கள்.

குறட்டை: நல்ல தூக்கத்தின் அடையாளமா?

ஒரு வீட்டு வாசலில் நடக்கக்கூடிய பேச்சை எண்ணிப் பாருங்கள்.

"ஐயா, ராத்திரி தூக்கம் எப்படி?"

"எனக்கென்ன தாயி, படுத்த உடனே தூங்கிடுவேன்."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுக்கிறார்: "அவருக்கு எப்படித் தெரியும் நர்சம்மா? வீடே அதிர்ற மாதிரி குறட்டை. திடீர்னு சத்தமே நின்னுபோயிடும். மூச்சு இருக்கா இல்லையான்னு நான்தான் எழுந்து பார்ப்பேன். அப்புறம் திக்குன்னு ஒரு சத்தத்தோட மறுபடி ஆரம்பிக்கும்."

நோயாளிக்குத் தன் நோய் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியும். இதை டாக்டர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்பார்கள், அதாவது தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்றுப் பாதை அடைபட்டுப்போகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறார்கள். கடுமையான நோயில் இது மணிக்கு 30 தடவைக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை பதறி எழுப்புகிறது, இருதயம் வேகமெடுக்கிறது, பி.பி. ஏறுகிறது. காலையில் அந்த மனிதர் எட்டு மணி நேரம் தூங்கியதாக நினைத்து எழுந்திருப்பார். ஆனால் தலை கனக்கும், பகலெல்லாம் கண் சொருகும்.

ஆகவே இரண்டு மூன்று மாத்திரை சாப்பிட்டும் பி.பி. இறங்காத நோயாளியைக் காணும் பணியாளர், "மாத்திரையை விட்டுவிட்டீர்களா?" என்று கடிந்துகொள்வதோடு நிறுத்தாமல், "குறட்டை உண்டா?" என்றும் கேட்கவேண்டும். காரணம் அங்கே இருக்கக்கூடும். அந்த நோயாளி லாரியோ பஸ்ஸோ ஓட்டுகிறவராக இருந்தால், காரியம் அவர் உயிரோடு நிற்பதில்லை. ஸ்டியரிங்கில் கண் அசந்தால் எதிரே வருகிறவனும் சாவான்.

இதைக் கண்டறிய முதலில் தேவைப்படுவது எட்டுக் கேள்வியும் ஒரு தையல்காரர் டேப்பும்தான். கனடா நாட்டின் டொரன்டோவில் மயக்க மருந்து டாக்டரான பிரான்சஸ் சங் என்ற அம்மையாரும் உடன் ஊழியரும், ஆபரேஷனுக்கு வரும் நோயாளிகளுக்காக இந்தக் கேள்விமுறையை உருவாக்கி 2008இல் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'ஸ்டாப்-பேங்'. சத்தமான குறட்டை உண்டா? பகலில் களைப்பும் தூக்கமும் உண்டா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா? பி.பி. உண்டா? உடல் மிகவும் பருத்ததா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் டாக்டரிடம் அனுப்பவேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தாமதிக்கவே கூடாது.

பின்பு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தூங்கவைத்து மூச்சு, ஆக்சிஜன், இருதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்து பார்ப்பார்கள். சிகிச்சையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981இல் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். மூக்கில் பொருத்திய ஒரு மூடி வழியாக மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினால் தொண்டை அடைபடாது. 'சிபாப்' எனப்படும் அந்தக் கருவி இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பழக்கமானது. உடல் எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது ஆகியவையும் உதவும். மது தூக்கத்தைத் தரும் என்பவர் உண்டு. அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி மூச்சை அடைக்கும். பின்னிரவில் தூக்கத்தையும் கலைக்கும்.

குறட்டை விடுவது பெரியவர்கள் மட்டுமல்ல. வாயைத் திறந்துகொண்டு தூங்கி, குறட்டை விட்டு, வகுப்பில் கவனமில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு டான்சில், அடினாய்டு சதைகள் வீங்கியிருக்கலாம். "மண்டு" என்று பெயர் வாங்கிய பிள்ளை, சரியாக மூச்சுவிட்டுத் தூங்கத் தொடங்கினால் வேறு பிள்ளையாகிவிடுவதுண்டு.

கால் குடைச்சலும் இரத்தசோகையும்

அடுத்தது பெண்கள் சொல்லும் முறைப்பாடு. "படுத்தா கால் குடையுது அக்கா, எழுந்து நடந்தாத்தான் கொஞ்சம் தேவலை." சிலர் காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள், சிலர் பிள்ளைகளைக் காலின்மேல் ஏறி மிதிக்கச் சொல்வார்கள். நாளெல்லாம் வேலை செய்த அலுப்பு என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

மாலையில் தொடங்கி, உட்கார்ந்தாலும் படுத்தாலும் அதிகமாகி, நடந்தால் தணிகிற இந்தக் குடைச்சல் ஒரு நோய். 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற டாக்டர் இதை எழுதிவைத்தார். 1945இல் சுவீடன் நாட்டு எக்போம் அதை விரிவாக விளக்கிப் பெயரிட்டார். பலருக்கு இதன் பின்னே இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களில் இது அதிகம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் வரும்.

நம் தேசத்தில் 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று கண்டது. ஆகவே கால் குடைச்சலைச் சொல்லும் பெண்ணைக் கண்டால் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்க்கவும், ஹீமோகுளோபின் பார்க்க அனுப்பவும் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைத் தேநீரோடு விழுங்கக்கூடாது, தேநீர் அந்தச் சத்தை உடலில் சேரவிடாது என்பதையும் சொல்லவேண்டும். எலுமிச்சைச் சாறு நல்லது. கருவுற்ற பெண்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துவருகிறவர் இதே நர்சம்மாதான். அதற்கும் இராத்தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை அவருக்கு ஒருவர் சொல்லிவிட்டால் போதும்.

தூக்கம் வராதவருக்கு மாத்திரையா?

முதியவர் ஒருவர், "கண்ணைக் கொட்டவே இல்லை" என்கிறார். விசாரித்துப் பார்த்தால் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூக்கம், இரவு எட்டு மணிக்குப் படுக்கை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு. கணக்குப் பார்த்தால் தூக்கம் குறையவில்லை. நேரம்தான் இடம் மாறியிருக்கிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் குழு 2015இல் அறிவித்தது. வயது முதிரும்போது தூக்கம் இலேசாகி அடிக்கடி கலையும் என்பது உண்மை. தூக்கமே தேவையில்லை என்பது உண்மையல்ல.

வேறு சிலருக்குத் தூக்கம் கெடுவது இன்னொரு நோயின் அறிகுறி. சர்க்கரை ஏறினால் இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழவேண்டியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டி, நான்கு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குகிறவருக்கு இருதயம் பலவீனமாயிருக்கலாம். அவரை உடனே டாக்டரிடம் அனுப்பவேண்டும். விடியுமுன்னே விழித்து, அழுது, எதிலும் ஆசையில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். அவரைத் தனியே விடக்கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி உதவி இப்படிப்பட்டவர்களுக்காகவே ஏற்பட்டது.

இவை ஒன்றும் இல்லாமல், வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் வராவிட்டால் அது நீடித்த தூக்கமின்மை. அதற்கு முதல் மருந்து மாத்திரை அல்ல என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வழிகாட்டியது. பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்துவதே முதல் சிகிச்சை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவேண்டும். தூக்கம் வந்தபின்பே படுக்கவேண்டும். இருபது நிமிஷத்துக்குமேல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து அமைதியாக எதையாவது செய்து, மறுபடி தூக்கம் வரும்போது படுக்கவேண்டும். படுக்கையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும், செல்போனைப் பார்ப்பதும் ஆகாது. சாயங்காலத்துக்குமேல் காப்பி, தேநீர் வேண்டாம். இவ்வளவும் வாசற்படியில் நின்று சொல்லக்கூடியவையே.

மாறாக, நம் ஊர்களில் நடப்பது என்ன? எப்போதோ எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதியவர்களுக்கு அது தள்ளாட்டத்தையும் மறதியையும் தரும். இராத்திரி எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களை எல்லா ஆஸ்பத்திரிகளும் அறியும். ஆனாலும் நெடுநாள் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்கவேண்டும். "தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லாமல் "டாக்டரிடம் வாருங்கள்" என்று சொல்லப் பணியாளர் கற்றிருக்கவேண்டும்.

அமுக்குவான் பேய்

கடைசியாக ஒன்று, இது என்னைப்போன்ற போதகர்களிடமே அதிகம் வருகிறது. "ஐயா, ராத்திரி முழிப்பு வந்தது. கை கால் அசையவில்லை. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அமுக்கினார்கள். கத்தினேன், சத்தம் வரவில்லை." ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். இதற்காக மந்திரவாதியிடம் போய்க் கடன்பட்ட குடும்பங்கள் உண்டு. பேய் பிடித்தவள் என்று கல்யாணம் தடைப்பட்ட பெண்பிள்ளைகளும் உண்டு.

நடப்பது இதுதான். கனவு காணும் கட்டத்தில், கனவில் ஓடுகிறபடி உடம்பும் எழுந்து ஓடிவிடாதபடிக்கு, மூளை நம் தசைகளைக் கட்டிவைக்கிறது. இது சிருஷ்டிகர் நமக்கு வைத்த பாதுகாப்பு. சில வேளைகளில் மனம் விழித்துக்கொள்கிறது, கட்டு அவிழச் சற்றுத் தாமதமாகிறது. கனவின் மிச்சம் கண்முன் நிற்கிறது. ஒருசில விநாடிகளிலோ, ஓரிரு நிமிஷத்திலோ தானாகவே விலகிவிடும். சரியான தூக்கமில்லாதவர்களுக்கும், நேரம் தவறித் தூங்குகிறவர்களுக்கும், மல்லாந்து படுக்கிறவர்களுக்கும் இது அதிகம் வரும். ஜெபம் கேட்டு வருகிறவரோடு நான் ஜெபிக்கிறேன். கூடவே இந்த விளக்கத்தையும் சொல்கிறேன். பயம் பாதி அப்போதே போய்விடுகிறது. அடிக்கடி இப்படி வந்து, பகலில் அடக்கமுடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் மடங்கி விழுவதும் சேர்ந்திருந்தால் மட்டும் நரம்பியல் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

எளியவர்களால் கற்கமுடியுமா?

இவ்வளவையும் ஒரு கிராமத்துப் பெண் கற்கமுடியுமா என்று சிலர் கேட்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற தம்பதியர் 1970இல் மகாராஷ்டிர மாநிலம் ஜாம்கேட்டில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்களையும் தெரிந்தெடுத்து, பிரசவம், குழந்தை வளர்ப்பு, தொழுநோய், காசநோய் ஆகியவற்றைக் கற்பித்து, ஊரின் சுகாதாரத்தை அவர்கள் கையில் ஒப்புவித்தார்கள். 1979இல் அத்தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. தொழுநோயின் தேமலைக் கண்டுபிடிக்கக் கற்ற பெண்ணுக்கு, குறட்டையையும் கால் குடைச்சலையும் விசாரிக்கக் கற்பது பெரிய காரியம் அல்ல.

அந்தப் பெண்ணின் தூக்கத்தையும் நாம் நினைக்கவேண்டும். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பத்து வீடு ஏறி இறங்கி, இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிப் படுக்கிறவரிடம், ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று பிறருக்குச் சொல்லச் சொல்கிறோம். இரவுப் பணி பார்க்கும் நம் செவிலியர்களுக்கும் இது பொருந்தும். களைத்த கண்கள் தவறான மருந்தை எடுக்கக்கூடும்.

சபையாராகிய நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்தபோது தூங்கிப்போய், மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபனை நீங்கள் அறிவீர்கள். நம் ஆலயத்திலும் ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கத்தில் தூங்குகிற ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், அல்லது பக்தியில்லை என்கிறோம். இனி ஆராதனை முடிந்தபின் அவர் மனைவியிடம் மெதுவாகக் கேளுங்கள்: "அண்ணனுக்கு ராத்திரி குறட்டை உண்டா? மூச்சு நிற்கிறதா?" உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். பதில் 'ஆம்' என்றால், அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் யாவருக்கும் நல்ல நித்திரை உண்டாவதாக.

ஜெபத்துடன்,
மருத்துவமனைப் போதகர்